நாக்கில் நின்ற மருந்து

திருவண்ணாமலையில் இன்றைய தேதிக்கு ஒரு மூச்சின் விலை ஒரு ரூபாய்க்கும் கம்மி, இன்ஸ்பெக்டர் மேடம். இன்ஹேலர் டப்பாவின் விலையை அதை எத்தனை முறை அழுத்தலாமோ அதனால் வகுத்துப் பாருங்கள், நான் சொல்வது சரியாக வரும். ஒரு டீ குடிக்கிற காசில் பத்துப் பன்னிரண்டு முறை பிழைத்துக்கொள்ளலாம். இதற்கும் என் கடையில் பேரம் பேசியவர்கள் உண்டு. அவர்களில் முதல் ஆள் அப்பாதுரை. அவர் செத்ததைப் பற்றித்தானே கேட்கிறீர்கள், சொல்கிறேன்.

என் பெயர் அன்பரசன். தேரடி வீதியில் மருந்துக்கடை. என் அப்பா மாட்டுச் சந்தைத் தரகர். மாட்டைப் பார்த்து அவர் விலை சொன்னதே இல்லை. வாங்க வந்தவன் முகத்தைப் பார்த்துத்தான் சொல்வார். நானும் அப்படித்தான். மருந்துச் சீட்டை அரை நிமிடம் படிப்பேன், நீட்டுகிற ஆளை நிதானமாகப் படிப்பேன்.

அப்பாதுரைக்குக் கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை மண்டி. எங்கள் பக்கத்தில் மல்லாட்டை மண்டி என்போம். மூட்டையில் கைவிட்டு நாலு பருப்பை எடுப்பார், கடிப்பார், கண்ணை மூடி நாக்கில் உருட்டுவார், அப்புறம்தான் விலை. ஈரம், காறல், எண்ணெய் எல்லாம் அந்த நாக்குக்குத் தெரியும். நாக்கில் படாத சரக்குக்கு அவர் காசு கொடுத்ததில்லை.

அந்த மண்டியில்தான் என் தம்பி மாறன் எடை போட்டான். மல்லாட்டைத் தூசி அவனுக்கு ஆகாது, இழுப்பு உண்டு. மூன்று வருஷத்துக்கு முன்பு, அறுவடை நேரம், லாரி நிற்கிறது, இவனுக்கு மூச்சு முட்டிவிட்டது. அப்பாதுரையின் கார் பக்கத்திலேயே நின்றது. “லோடு ஏறட்டும்டா, அப்பால கூட்டினு போலாம்” என்றாராம். லோடு ஏறியது. மாறன் மூட்டையில் சாய்ந்தபடி போய்விட்டான், இன்ஹேலரைக் கையில் பிடித்துக்கொண்டே.

காரியத்துக்கு அப்பாதுரை வந்தார். “உன் தம்பிக்கு நான் இன்னாபா கொற வெச்சேன்? மருந்து கையிலதான வெச்சினு இருந்தான்?” என்றார். சாப்பிட்டுவிட்டு, வடை நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வடையைக்கூட மன்னித்திருப்பேன். மருந்து கையில்தான் இருந்தது என்றாரே, அது மட்டும் எனக்குச் செரிக்கவில்லை.

அதற்கு அடுத்த மாதம் மருந்துக் கம்பெனிக்காரர் ஒருவர் எங்களைப் போன்ற கடைக்காரர்களைக் கூட்டி வகுப்பு எடுத்தார். கையில் ஒரு விசில் குழாய். அதில் வேகமாக மூச்சிழுத்தால் விசில் அடிக்கும். எல்லார் வாயிலும் அடித்தது. “அண்ணே, பீடி இழுக்குற மாதிரி இழுக்காதீங்க” என்று சிரித்தார். அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அழுத்தியதும் மருந்து புகையாகச் சீறி வருகிறது. முதலில் மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு, அழுத்தும்போதே மெதுவாக, நீளமாக இழுத்தால், பொடிப்பொடித் துளிகள் காற்றோடு வளைந்து, கிளை கிளையாகப் பிரிந்து, நுரையீரலின் அடிவரை போகும். அப்புறம் கொஞ்சநேரம் மூச்சை அடக்கினால் அங்கேயே படியும். வேகமாக இழுத்தால், வளைவில் திரும்பமுடியாத லாரி மாதிரி நேரே போய்த் தொண்டையில் மோதி ஒட்டிக்கொள்ளும். மிச்சம் வயிற்றுக்குப் போகும். வயிற்றுக்கு ஏது மூச்சு? கேப்ஸ்யூலைக் கருவியில் போட்டு இழுக்கிற பொடி மருந்து ஒன்று உண்டு. அதைத்தான் வேகமாக இழுக்கவேண்டும். இரண்டையும் மாற்றிச் சொன்னால் முடிந்தது.

ஆறு மாதத்தில் அப்பாதுரைக்கும் இழுப்பு வந்தது. தூசிக்கு மொதலாளி, கூலிக்காரன் தெரியாது. டாக்டர் எழுதிக் கொடுப்பார். எப்படி இழுப்பது என்பதைக் ‘கடையில் கேட்டுக்குங்க’ என்று அனுப்பிவிடுவார். வாசலில் அவ்வளவு கூட்டம். அதனால் அந்தப் பாடம் எங்கள் கல்லாப்பெட்டிக்கு மேலேதான் நடக்கும். நான் பத்து சதவீதம் தள்ளுபடி தருகிறேன் என்று தெரிந்ததும் கீழ்பென்னாத்தூர் கடைகளை விட்டுவிட்டு இங்கே வந்தார்.

“எப்டிபா இழுக்குறது இத?”

“வேகமா, ஒரே இழுப்பா இழுங்க மொதலாளி. காசு குடுத்து வாங்கினது, விடாதீங்க.”

இழுத்தார். கண்ணை மூடி நாக்கில் உருட்டினார். “கசக்குதே.”

“கசந்தா உள்ள போவுதுன்னு அர்த்தம்.”

முகம் மலர்ந்துவிட்டது. “இருக்குதுபா, சரக்கு இருக்குது இதுல.”

சீட்டில் ஸ்பேசரும் எழுதியிருந்தது. இன்ஹேலரோடு மாட்டுகிற பெரிய பிளாஸ்டிக் குழாய். மருந்து அதற்குள் வேகம் அடங்கி நிற்கும், எடுத்துக்கொள்வது சுலபம். அது எதுக்கு என்று கேட்டார். “பாதி மருந்து குழாய்லயே ஒட்டிக்கும் மொதலாளி. நாக்குல கசப்பே தெரியாது” என்றேன். கொஞ்சம் குழாயில் ஒட்டத்தான் செய்யும், கசப்பும் தெரியாது. “அப்பொ எதுக்கு அந்தத் தண்டம்?” என்று தள்ளி வைத்தார். ஒரு வியாபாரம் போயிற்று. முதல் போடாமல் எந்தத் தொழிலும் நடக்காது.

மருந்து அசல். பில் அசல். காலாவதி ஆனதை ஒருநாளும் கொடுத்ததில்லை. என் கடையில் கலப்படம் என்று யாரும் சொல்லமுடியாது.

அவர் பௌர்ணமி தவறாமல் மலையைச் சுற்றுகிறவர். முதலில் முழுச்சுற்று வந்தார். பிறகு பாதி வழியில், அடி அண்ணாமலையில் ஆட்டோ பிடித்தார். பிறகு அதற்கும் முன்னாலேயே உட்கார்ந்தார். டாக்டர் மருந்தை ஏற்றினார். நான் தள்ளுபடியை ஏற்றினேன். ஒருநாள் கடை வாசலிலேயே மூச்சு வாங்கியது. ஸ்டூல் போட்டேன், தண்ணீர் கொடுத்தேன், விசிறினேன். “நீதான்பா என் டாக்டரு” என்று கையைப் பிடித்துக்கொண்டார். அவர் அப்படி மூச்சு வாங்கியது எனக்குச் சுகமாக இருந்தது.

‘மெதுவா இழுங்க.’ இரண்டே சொல். ஒவ்வொரு மாதமும் அதை வாய்வரை கொண்டுவந்து, சுவைத்துப் பார்த்து, விழுங்கினேன்.

பங்குனிப் பௌர்ணமி சாயங்காலம் அவரோடு அவர் மகள் அபிநயாவும் நடந்திருக்கிறாள். சென்னை விடுதியில் தங்கி நர்சிங் படிக்கிற பெண். அப்பா இன்ஹேலர் இழுப்பதை அன்றுதான் முதல்முறை பார்த்தாளாம். அடி அண்ணாமலைக்கு முன்பே அவர் உட்கார்ந்துவிட்டார். அழுத்தி அழுத்தி இழுத்தார். “மெதுவாப்பா, மெதுவா” என்று அவள் கெஞ்சியிருக்கிறாள். “கசக்குது பாப்பா, சரியாத்தான் போவுது” என்றாராம். ஆம்புலன்ஸ் கூட்டத்தை விலக்கி வருவதற்குள் முடிந்துவிட்டது.

நேற்று கடைக்கு வந்து நின்றாள். “எங்கப்பாவுக்கு அப்டி சொல்லிக் குடுத்தது யாருண்ணா?”

“நான்தாம்மா.”

“தெரியாம சொல்லிட்டீங்களா?”

“தெரிஞ்சுதாம்மா சொன்னேன்.”

அவள் அழவில்லை. நேரே உங்களிடம் வந்துவிட்டாள். கெட்டிக்காரப் பெண்.

தெரியாமல் சொன்னதாக இருந்தால் கேஸ் வேறு மாதிரி போகும் என்கிறீர்கள். நல்ல மனசு உங்களுக்கு. ஆனால் தெரியாதவன் என்று என்னை எழுதாதீர்கள், மேடம். கொலைகாரன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். எனக்கு எல்லாம் தெரியும். துளி எங்கே மோதும், எங்கே ஒட்டும், மேலே எவ்வளவு நிற்கும், கீழே எவ்வளவு இறங்கும், எல்லாம் தெரிந்துதான் செய்தேன்.

கடைசியாக ஒன்று கேட்டீர்களே, மாறனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று. அதுவும் என் கடை மருந்துதான். தம்பியிடம் காசு வாங்குவேனா? வருகிறவர்களுக்கெல்லாம் அப்போது என்ன சொல்வேனோ அதைத்தான் சொன்னேன். “நல்லா வேகமா இழுடா.” “கசக்குதுண்ணா” என்றான். “கசந்தாதான்டா உள்ள போவுது” என்றேன். அந்த வகுப்பு அதற்கப்புறம்தானே நடந்தது.

அது இந்த வழக்கில் வராது, அதை விடுங்கள். இதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். அப்பாதுரை, என் பேரில் ஒன்று. மாறன், அப்பாதுரை பேரில் ஒன்று. ஒன்றுக்கு ஒன்று நேர். மூன்று வருஷமாகத் தினமும் கூட்டிப் பார்த்துவிட்டேன், மேடம். பாக்கி இல்லை.