இன்னாசிக்கு அடிக்காத மணி

பகல் பன்னிரண்டு மணி. ராத்திரிப் பேய்க்குத்தான் நீங்கள் பயப்படுவீர்கள் என்று தெரியும். இது பகல் பேய். குன்னத்திலிருந்து உள்ளே போகிற ரோடு. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மக்காச்சோளம். காற்று இல்லை... ஒரு காக்கா கூட இல்லை. என் சகலை அடைக்கலசாமி வெங்காய மூட்டையை வண்டியில் வைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.

காலை நீட்டி உட்காருங்கள். கொப்புளத்தைக் கிள்ளாதீர்கள். விடிந்தால் இன்னும் இருபத்தைந்து கிலோமீட்டர் நடக்க வேண்டும். மாதா வேளாங்கண்ணியிலிருந்து நமக்காக எதிரே நடந்து வரப்போவதில்லை.

அடைக்கலசாமி அந்த ஊர்க் கோயிலில் உபதேசியார். நாற்பது வீட்டுக்கு ஒரு சின்ன ஓட்டுக் கோயில். சாமியார் மாதத்தில் ஒரு ஞாயிறு வருவார், பூசை வைப்பார், போய்விடுவார். கூட்டுவது, விளக்கு வைப்பது, செபம் சொல்வது எல்லாம் உபதேசியார் தலையில். காலை ஐந்து, பகல் பன்னிரண்டு, மாலை ஏழு என்று மூன்று வேளையும் மணி அடிக்க வேண்டும். பகல் மணியைக் கேட்டுத்தான் காட்டில் களை எடுக்கிறவர்கள் சோற்றுத் தூக்கைத் திறப்பார்கள். இருபத்திரண்டு வருஷம்... அவருக்கு வலது தோளே இறங்கிப்போய்விட்டது. மகன் திருப்பூரில். மாற்றிவிட ஆள் கிடையாது.

அன்றைக்கு வண்டி பஞ்சர். ரோட்டிலேயே பன்னிரண்டு ஆகிவிட்டது. இன்றைக்கு மணி போயிற்று என்று நினைத்தார் பாருங்கள்...

டாண், டாண், டாண். கொஞ்சம் நிறுத்தம். டாண், டாண், டாண். நிறுத்தம். மறுபடி மூன்று. முறைப்படி.

சாவி இவர் இடுப்பில். கோயிலுக்குப் போனால் பூட்டு பூட்டியபடி. திறந்தார். பழைய மெழுகு வாடையோடு அன்றைக்குப் புகையிலை வாடை. கயிறு ஆடிக்கொண்டிருந்தது. தொட்டார். கை பிடிக்கிற இடம் மட்டும் ஈரம்... வியர்வை.

ஓடியிருக்க வேண்டும். அவர் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். தோளைத் தேய்த்தபடி, "யாரா இருந்தாலும் நல்லாருங்க" என்றார். அவ்வளவு அலுப்பு மனுஷனுக்கு.

மறுநாள் வேண்டுமென்றே போகவில்லை. அடித்தது. அப்புறம் மாலை ஏழு. காலை ஐந்து. எல்லாம் அடித்தது. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக விடிந்த பிறகு எழுந்தார். உபதேசியார்தான் அடிக்கிறார் என்று ஊரும் இருந்துவிட்டது.

அந்த வருஷம் கோயில் கட்டித் தொண்ணூறு ஆகிறது. விழா மலருக்குக் கோயில் வரலாறு எழுதித் தரச் சொன்னார் சாமியார். யார் கட்டியது, எப்போது ஓடு போட்டது, யார் யார் உபதேசியாராக இருந்தது... இவருக்கு முன்னால் இருந்தவர் இன்னாசி. போட்டோ கேட்டு அவர் மகள் வீட்டுக்குப் போனார்.

"போட்டோ தரேன்" என்றாள் அவள். "எங்கப்பாவுக்கு மட்டும் யாரும் மணி அடிக்கல. அதையும் எழுதுங்க."

அந்த ஊரில் ஒரு முறை உண்டு. உபதேசியார் இறந்தால், அடுத்து வருகிறவர் அவருக்குத் துக்க மணி அடித்துவிட்டுத்தான் மற்ற மணியைத் தொட வேண்டும். அதோடு பழையவருக்கு வேலை முடிந்தது, ஓய்வு. இன்னாசி செத்த நேரம், திருவிழாச் சப்பரம் எந்தத் தெருவில் போவது என்று ஊரில் சண்டை. கோயிலுக்குப் பூட்டு. மணி இல்லாமலே புதைத்தார்கள். பூட்டைத் திறந்ததும் அடைக்கலசாமி நேரே வேளை மணியில் ஆரம்பித்துவிட்டார். மறந்தே போயிற்று.

இன்னாசி வாயில் எப்போதும் புகையிலை இருக்கும். அடிப்பது யார் என்று இப்போது தெரிந்துவிட்டது. ஒரு தடவை துக்க மணி அடித்தால் இன்னாசி போய்விடுவார். போய்விட்டால், மறுநாள் காலை ஐந்து மணிக்குக் கயிறு யார் கையில்?

"வெங்காயம் எடுத்து முடியட்டும் சித்தப்பா" என்று, சித்தப்பா முறையான இன்னாசிக்குக் கயிற்றைப் பார்த்துச் சொன்னாராம். அப்புறம், "ஈஸ்டர் போவட்டும்." அப்புறம், "மழை விடட்டும்." மாதத்துக்கு மாதம் மணி மெதுவாகிக்கொண்டே வந்தது. மூன்று அடிக்கும் நடுவில் யாரோ மூச்சு வாங்குகிற மாதிரி... என்னிடம்தான் சொன்னார். "பாவந்தான்டா. ஆனா தூக்கம் நல்லா வருது."

ஒரு நாள் காலை ஐந்து மணி. மூன்று அடி கேட்கவில்லை. ஒற்றை அடி. விட்டு... விட்டு... துக்க மணி. செத்தது யார் என்று கேட்க எல்லாரும் உபதேசியார் வீட்டுக்குத்தான் ஓடினோம். அவர் கட்டிலில் கிடந்தார். உடம்பில் சூடு ஆறவில்லை. தனக்கு யாரும் அடிக்காத மணியை இன்னாசி அவருக்கு அடித்திருந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எங்களோடு நடந்து வருகிற மஞ்சு, போர்வையை இழுத்துக்கொண்டு கேட்டாள். "அடுத்து வந்த உபதேசியாராவது இன்னாசிக்கு அடிச்சாராண்ணே?"

"இன்னும் இல்லம்மா."

"அடப்பாவி! யாரு அந்த ஆளு?"

"நான்தான்" என்றேன். "நடக்க ஆரம்பிச்சு அஞ்சு நாளாச்சு. மணி அடிக்க யாரையும் வச்சிட்டு வரல. சாயங்காலம் வூட்டுக்கு போன் போட்டேன்... மூணு வேளையும் நேரத்துக்கு அடிக்குதாம்."