சோத்தாங்கைப் பக்கம்

மணி பன்னிரண்டு. இரவு என்று நினைத்துவிடாதீர்கள்... பகல். உச்சி வெயில். தாடிக்கொம்பு தாண்டி நம் ஊருக்கு வரும் தார் ரோடு. இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு. ஒரு மட்டை கூட அசையவில்லை. ஆள் இல்லை, ஆடு மாடு இல்லை. அந்த ரோட்டில் ஒரே ஒரு மோட்டார் சைக்கிள். ஓட்டியவன் என் தம்பி மகன் சுருளிவேல். பின்னால் அவன் மனைவி கீர்த்தனா.

பிறந்ததிலிருந்து தெரிந்த ரோடு. அதில் அவன் ஏன் தப்பான பக்கம் திரும்பினான்?

இது நான் சொல்லக் கூடாத கதை. நம் வீட்டு விஷயம். ஆனால் இந்தப் பழனி லாட்ஜில் கரண்ட் போய், எல்லோரும் ஒரே அறையில் ஒண்டி உட்கார்ந்திருக்கிற நேரத்தில், மருமகன் பிரபு வாயைத் திறந்துவிட்டார்.

"சுருளி மச்சான் சரக்கப் போட்டுட்டுத்தான் விழுந்து கால ஒடிச்சுக்கிட்டாராமே மாமா? ஊருக்குள்ள அப்டித்தான் பேசிக்கிறாய்ங்க."

நம் குடும்பத்தில் குடிக்கிறவர் கிடையாது. என் தகப்பனார் காலத்திலும் கிடையாது. அதனால் சொல்கிறேன். அந்தக் கதவைச் சாத்துங்கள். செல்போன் விளக்கையும் அணையுங்கள். இது இந்த அறையோடு போக வேண்டும்.

சுருளிக்குத் திண்டுக்கல்லில் கடை. வண்டிகளுக்கு ஸ்பீக்கர் பொருத்துகிற வேலை. தன் வண்டிக்கும் இரண்டு ஸ்பீக்கர் வைத்திருந்தான். ஹேண்டில்பாரில் வழி காட்டும் ஜிபிஎஸ் கருவி. அதிலிருந்து ஒரு கறுப்பு வயரை இழுத்து ஸ்பீக்கரோடு சேர்த்துவிட்டான். பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். திரும்ப வேண்டிய இடம் வந்தால் பாட்டு தானாகத் தணியும். குரல் வழி சொல்லும். அந்தக் குரலை நாமே பதிந்துகொள்ளலாமாம். முப்பத்திரண்டு வாசகம். அவன் முதல் மனைவி அறிவுச்செல்விதான் பேசிக் கொடுத்தாள்.

அறிவுக்கு இடது கைப் பழக்கம். சாப்பிடுவதும் அந்தக் கையால்தான். கல்யாணத்தன்று பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தாள். இலையின் நுனியை வலப்பக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டு, இடது கையால் சோற்றைப் பிசைந்தாள். நம் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் பார்க்கிறார்கள். நான் குனிந்து அவள் காதோடு சொன்னேன்.

"நம்ம வீட்டுப் பந்தியில சோத்தாங்கையாலதாம்மா சாப்புடணும்."

அவள் அந்தக் கையைத் தூக்கிக் காட்டினாள். "இதுதான் பெரிய மாமா எனக்குச் சோத்தாங்கை" என்றாள்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் சிரிக்கவில்லை. அதன் பிறகு என் முன்னால் அவள் பந்தியில் உட்கார்ந்ததே இல்லை. இந்தப் பேச்சு எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும். என் வீட்டுக்காரி முத்துப்பேச்சிக்குக் கூட இன்றைக்குத்தான் தெரிகிறது... அவள் முகத்தைப் பாருங்கள்.

அந்தப் பிள்ளை ஜிபிஎஸ்ஸிலும் அப்படியே பேசி வைத்துவிட்டாள். இடது பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில், "சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்க". வலது பக்கம் என்றால், "பீச்சாங்கைப் பக்கம்". பேசும்போது கையை ஆட்டிப் பேசுவாள். கண்ணாடி வளையல் சத்தமும் சேர்ந்தே பதிந்துவிட்டது. ஒவ்வொரு வாசகத்துக்கும் முன்னால்... கிலுங்.

வேறு யார் அந்த வண்டியை எடுத்தாலும் வழி தப்பிவிடும். சுருளிக்கு மட்டும் தப்பாது.

மூன்று வருஷம் கூட வாழவில்லை. காய்ச்சல் வந்து ஐந்தே நாளில் போய்விட்டாள். நம் தோட்டத்து மூலையில்தான் புதைத்தோம். மறு வருஷம் சின்னாளப்பட்டியில் பெண் பார்த்து, கீர்த்தனாவைக் கட்டி வைத்தவன் நான்தான். நல்ல பெண். சூட்டிகையான பெண். ஒரே ஒரு விஷயம்... அந்தக் குரல்.

பால் வாங்கப் போனாலும் சுருளி அந்தக் கருவியைப் போட்டுக்கொண்டுதான் போவான். ஸ்பீக்கர் "சோத்தாங்கை" என்று சொல்லும். அவன் இடது பக்கம் திரும்புவான். பின்னால் உட்கார்ந்திருக்கும் கீர்த்தனா கேட்பாள்.

"ஏங்க, சோத்தாங்கைன்னா வலது பக்கந்தான? நீங்க எங்குட்டுத் திரும்புறீங்க?"

அவன் லேசாகச் சிரிப்பான். கண்ணாடியில் அந்தச் சிரிப்பு அவளுக்குத் தெரியும். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

என்னிடமே வந்து அழுதாள். "தெரிஞ்ச ரோட்டுக்கு எதுக்கு மாமா வழி கேக்கணும்? பின்னாடி நான் உக்காந்திருக்கேன், முன்னாடி அவ உக்காந்திருக்கா. செத்தவளுக்கு இருக்குற எடம் எனக்கு இல்லையா?"

சுருளியைக் கூப்பிட்டுக் கண்டித்தேன். தலையை ஆட்டினான். வயரைக் கழற்றவில்லை.

ஒரு நாள் அவன் குளித்துக்கொண்டிருந்தபோது, கீர்த்தனா அந்தக் கருவியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொண்டாள். முப்பத்திரண்டு வாசகத்தையும் அழித்தாள். ஒவ்வொன்றின் மேலும் தன் குரலைப் பதிந்தாள். வலது பக்கம், இடது பக்கம். சுத்தமாக, திருத்தமாக. வளையல் சத்தம் வரக் கூடாது என்று கையிலிருந்த தங்க வளையலைக் கூடக் கழற்றி வைத்தாளாம்.

சுருளி அன்றைக்குச் சாப்பிடவில்லை. ஒரு வார்த்தை திட்டவும் இல்லை. அடுத்த சனிக்கிழமை அவளே ஆசையாகக் கேட்டாள், தாடிக்கொம்புப் பெருமாள் கோயிலுக்குப் போகலாம் என்று. போனார்கள். சாமி கும்பிட்டார்கள். அவள் தலையில் புது மல்லிகை. பன்னிரண்டு மணிக்குத் திரும்பி வருகிறார்கள்...

இனிமேல் சொல்வது, ஆஸ்பத்திரியில் அவன் தனியாகச் சொன்னதும் அவள் தனியாகச் சொன்னதும். இரண்டு பேர் சொன்னதும் ஒன்றாகவே இருந்தது... ஒரே ஒரு இடத்தைத் தவிர.

தோப்பு முடிகிற இடத்தில் ரோடு பிரிகிறது. வலது பக்கம் வீடு. இடது பக்கம் நம் தோட்டத்துக்குப் போகிற மண்பாதை. பாட்டு தணிந்தது. "நூறு மீட்டர்ல வலது பக்கம் திரும்புங்க." கீர்த்தனாவின் குரல். அதைக் கேட்டதும் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷமாம். அவன் முதுகில் சாய்ந்துகொண்டாள்.

அப்போதுதான் அந்த வாசனை. மரிக்கொழுந்து... அறிவு எந்நாளும் தலையில் வைப்பது. கீர்த்தனா வைத்திருந்தது மல்லிகை.

கிலுங்.

கண்ணாடி வளையல்.

"சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்க."

குரல் யாருடையது தெரியுமா? அறிவுடையது இல்லை. கீர்த்தனாவுடையது. அவளுடைய அதே குரல்... அவள் எந்நாளும் பேசாத, பதியாத வாசகம்.

சுருளி யோசிக்கவே இல்லை. கை தானாக இடது பக்கம் வண்டியைத் திருப்பிவிட்டது.

மண்பாதை. புழுதி. கீர்த்தனா கத்தினாள். "நிறுத்துங்க, நான் அப்டிச் சொல்லல, நிறுத்துங்க!" அவன் நிறுத்தவில்லை. அவள் அவன் தோளுக்கு மேலே எட்டி அந்தக் கறுப்பு வயரைப் பிடித்து இழுத்தாள். பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. ஸ்பீக்கர் இரண்டும் செத்துப்போயின. இஞ்சின் சத்தம் மட்டும்.

செத்த நேரம் ஒன்றுமில்லை. பிறகு...

கிலுங். "இன்னும் கொஞ்ச தூரந்தான். வாங்க."

ஸ்பீக்கரிலிருந்து வரவில்லை. பின் சீட்டிலிருந்து, அவன் காதோரமாக வந்தது. மூச்சுக் காற்று கழுத்தில் பட்டது என்று சுருளி சொன்னான். கீர்த்தனாவோ, தான் கையால் வாயை இறுகப் பொத்திக்கொண்டிருந்ததாகச் சத்தியம் செய்தாள். அந்த ஒரு இடம்தான் இரண்டு பேருக்கும் ஒத்துப்போகவில்லை.

அவன் திரும்பிப் பார்த்தான். வண்டி வரப்பில் மோதியது. அவன் கால் ஒடிந்துவிட்டது. கீர்த்தனாவுக்கு ஒரு கீறல் கூட இல்லை. அவர்கள் விழுந்து கிடந்த இடத்துக்கும் அறிவைப் புதைத்த இடத்துக்கும் பத்தடி கூட இருக்காது.

குடிக்கவில்லை என்று டாக்டரே எழுதிக் கொடுத்திருக்கிறார். காகிதம் என் பெட்டியில் இருக்கிறது. காட்டுகிறேன் மருமகனே... விடியட்டும்.

"அத்தோட முடிஞ்சிருச்சுல்ல மாமா?" என்று கேட்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கருவி, வயர், ஸ்பீக்கர், எல்லாவற்றையும் என் கண் முன்னாலேயே கழற்றிப் போட்டார்கள். கீர்த்தனாவும் மாறிப்போனாள். அழுகை இல்லை, சண்டை இல்லை. புருஷனை அப்படிப் பார்த்துக்கொண்டாள். வீட்டுக்குள் சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் பார்த்து முடித்த சம்பந்தம் தோற்கவில்லை என்று பெருமையாகக்கூட இருந்தது எனக்கு.

போன மாதம் பங்காளி வீட்டுக் காதுகுத்து. சுருளி கட்டுப்போட்ட காலோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். நான் பந்தியில் உட்கார்ந்தேன். பக்கத்து இலையில் கீர்த்தனா வந்து உட்கார்ந்தாள். கையில் புதுசாகக் கண்ணாடி வளையல். கேட்க வாயெடுத்தேன்... அதற்குள் சோறு வந்துவிட்டது.

குனிந்தபோதுதான் பார்த்தேன். அவள் இலையின் நுனி வலப்பக்கம் இருந்தது.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சத்தியமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அவள் பிசைவதை நிறுத்தினாள். மெதுவாக என் பக்கம் திரும்பினாள். சோறு ஒட்டிய இடது கையைத் தூக்கிக் காட்டினாள்.

கிலுங்.

"இதுதான் பெரிய மாமா எனக்குச் சோத்தாங்கை."