காத்தடிச்சு மாட்டுன ஃபில்டர்

உச்சி வேளைங்க. பன்னெண்டு மணி. பல்லடத்துல இருந்து மடத்துக்குளம் போற ரோடு... ஈ காக்கா இல்ல. பேய் ராத்திரிலதான் வரும்னு ஆரு சொன்னா? கிட்ட வந்து உக்காருங்க.

என்ற மச்சானோட பங்காளி சிவராஜ். பனியன் கம்பெனிக்காரரு. அவரு காருல இழுவையே இல்ல. ஏசி போட்டா உர்ருனு சத்தம் வருது, காத்து வரல. மெக்கானிக் பழனிமுத்து தலையில அடிச்சுக்கிட்டாரு. "பூராம் பஞ்சு அடைச்சிருக்குதுங்க. இஞ்சின் ஃபில்டர், ஏசி ஃபில்டர் ரெண்டையும் மாத்தீருங்க. உங்க பாப்பாவுக்கு வேற மூச்சு இளைப்புங்கறீங்க..."

மாத்துனாரா அந்த மனுசன்? நெனச்சாலே எனக்குக் கோவம் வருது. நம்மூர்ல மிஷினு, சட்டை, தலமுடி... எல்லாத்துக்கும் கம்ப்ரசர் காத்துத்தான். ஃபில்டரையும் கம்பெனிக்குத் தூக்கிட்டுப் போயிக் காத்தடிச்சு, திரும்ப மாட்டிட்டாரு. ஃபில்டர வெச்சு அடிச்சது எங்க? மூலையில சும்மா கெடந்த ஓவர்லாக் மிஷினு மேல. அது ரோஸ்மேரி தைச்ச மிஷினு. தெக்கத்திப் புள்ள. "மூச்சு முட்டுது மொதலாளி, ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டுத் தாங்க"ன்னு ரெண்டு வருசம் கெஞ்சுச்சு. இவரும் பாக்கலாம் பாக்கலாம்னாரு. இருமி இருமியே போன ஆடியில செத்துப் போச்சு.

அன்னைக்கே உச்சியில, மக கீர்த்தனாவ அம்மாவப் பெத்த அப்புச்சி ஊட்டுல விடப் போறாரு. பாதி வழியில வண்டி திக்குது... திணறுது... நின்னே போச்சு. "சனியன் புடிச்ச வண்டி!" ஸ்டீரிங்குல நாலு குத்து. அப்பத்தான் அந்த வாசம்... மிஷினு எண்ணெயும் புதுத் துணியும். கூடவே இருமல்.

க்ஹ்... க்ஹ்...

"வாயைப் பொத்திக்கிட்டு இருமு கண்ணு."

"நா இருமலீங்கப்பா."

இருமல் ஏசி ஓட்டைக்குள்ள இருந்து வருது.

ஏசி ஃபில்டர உருவுனாரு. காலையிலதான் சுத்தம் பண்ணுனது, பஞ்சு அப்பிக் கெடக்குது. ஈரமா... சூடா... இஞ்சின் ஃபில்டரும் அப்படியே. பயமும் ஆத்தரமுமா ரெண்டையும் பள்ளத்துல வீசிட்டு, ஃபில்டர் இல்லாமயே வண்டிய எடுத்தாரு. பறந்துச்சுங்க! ஏசி குப்புனு அடிச்சுது. பாப்பா மூஞ்சி மேலயே.

இருமல் நின்னு போச்சு. அதுக்கப்பறம் பாப்பாவுக்கு ஒரு மாசமா இளைப்பும் இல்ல. மனுசனுக்குச் சந்தோசம் தாங்கல. சும்மா ஒருக்காக் காட்டலாம்னு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனாரு.

டாக்டரு பாப்பா நெஞ்சுல கொழாய வெச்சுப் பாத்தாரு. மறுக்கா வெச்சாரு. "கண்ணு, கொஞ்சம் மூச்ச அடக்கு."

பாப்பா மூக்கப் புடிச்சு, வாய இறுக்கி மூடிக்கிச்சு.

கொழாய்க்குள்ள... மூச்சு போயிட்டு வந்துட்டே இருந்துச்சுங்க.