கயிறு பிடித்தவன்

நேற்று ஸ்டேஷனில் நீங்கள் வாங்கிக் கொடுத்த டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், சார். குறையாகச் சொல்லவில்லை. எதையும் கவனிக்கிற பழக்கம் எனக்கு உண்டு, அவ்வளவுதான்.

வாக்குமூலத்தை எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்ட பிறகு ஒரு கேள்வி கேட்டீர்கள். "படிச்சவங்கதானே சார் நீங்கள்லாம்? ஞாயித்துக்கிழமை வூட்ல கறிக்கொழம்பு துன்னுட்டுப் படுக்காம, இன்னாத்துக்கு சார் பாறைல தொங்கிகினு கீறீங்க?" நேற்று சிரித்து மழுப்பிவிட்டேன். பதில் என்னிடம் இருக்கிறது. அந்த வாக்குமூலத்தில் ஒரு பிழையும் இருக்கிறது. இரண்டையும் இந்தத் தாளில் எழுதித் தருகிறேன்.

நான் தாம்பரத்தில் பிளஸ் டூ கணக்கு வாத்தியார். டெனிஸ் எங்கள் சபைக்காரன், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. கீழ்க்கட்டளைக்குப் பின்னால் கைவிட்ட கல்குவாரி ஒன்றில் எட்டு வருஷமாக ஞாயிறுதோறும் அவன் ஏறுவான், நான் கீழே நின்று கயிறு பிடிப்பேன். கயிறு அவன் இடுப்பு வாரிலிருந்து மேலே போய், உச்சியில் ஒரு கொக்கியில் திரும்பி என் கைக்கு வரும். அவன் கால் வழுக்கினால் நான் இழுத்து நிறுத்த வேண்டும். மூன்று தடவை நிறுத்தியிருக்கிறேன். மூன்று தடவையும் கைதட்டல் அவனுக்கு.

ஏன் ஏறுகிறாய் என்று கேட்டால், "மேல போனா மண்டைல ஒண்ணுமே ஓடாது வாத்தியாரே. அடுத்து எதைப் பிடிக்கறது, எங்க கால் வைக்கறது, அவ்ளோதான்" என்பான். அவன் மனைவி பிளஸ்ஸியிடம் வேறு விளக்கம் இருந்தது. "துணி காயப்போடச் சொல்லிடுவேன்னு பயம்ணா. அதான் பாறைல போய் ஒளிஞ்சிக்கறாரு." எனக்கு அதுதான் நியாயமாகப் பட்டது. சிரித்து முடித்ததும் அவள் குரலைத் தாழ்த்தி, "கயிறு உங்க கைல இருக்குன்னாதான்ணா எனக்குத் தூக்கமே வருது" என்பாள்.

போன மாதம் எங்கள் பாறையேறும் குழுவில் வீடியோ எடுக்கும் சரிதா ஒன்றை இணையத்தில் போட்டாள். உச்சியில் டெனிஸ் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்கிறான். கீழே ஓரத்தில் என் வழுக்கையும் ஒரு கையும் தெரிகின்றன. "கீழ நிக்கற அங்கிள் யாரு?" என்று எவனோ கேட்டிருந்தான். "அது ஆள் இல்ல, எங்க கம்பம்" என்று டெனிஸ் பதில் போட்டான். அறுநூறு பேர் அதற்குச் சிரித்திருந்தார்கள். அடுத்த வாரத்திலிருந்து குழுவில் நான் கம்பம் சார். பிளஸ்ஸிகூட ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். எனக்கு வலித்தது, சார். அதை மறைப்பானேன்.

எங்களிடம் ஒரு விதி உண்டு. ஏறுகிறவன் இடுப்பில் முடிச்சைப் போட்டதும், கயிறு பிடிப்பவன் அதைப் பார்த்து, இழுத்துச் சோதித்து, சரி சொல்ல வேண்டும். அந்த ஞாயிறு டெனிஸ் முடிச்சைப் போட்டுக்கொண்டிருக்கும்போதே சரிதா செல்ஃபிக்குக் கூப்பிட்டாள். போனான், பல்லைக் காட்டினான், திரும்பி வந்தான். வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். முடிச்சு பாதிதான், நுனிக் கயிறு ஒரு சுற்றோடு நின்றிருந்தது. கயிறு தளர்வாகத் தொங்கும்வரை தாங்கும், உடம்பின் கனம் விழுந்தால் உருவிக்கொள்ளும்.

"பாத்தியா வாத்தியாரே?" என்றான்.

"பார்த்துட்டேன்" என்றேன்.

அதில் பொய் இல்லை. இருபத்திரண்டு வருஷமாகப் பரீட்சை ஹாலில் கண்காணிப்பாளராக நடந்திருக்கிறேன். பையன் மைனஸ் குறியை விட்டிருப்பான், கண்ணில் படும், வாய் திறக்காமல் அடுத்த பெஞ்சுக்குப் போக வேண்டும். அது ஒழுக்கம். அவன் தாள், அவன் விடை.

ஏறினான். பதினோரு நிமிஷம் ஆயிற்று. இறங்கு என்று ஒரு சொல் சொன்னால் போதும், அந்தச் சொல் என் வாயிலேயே இருந்தது. இங்கேதான் உங்கள் கேள்விக்குப் பதில் வருகிறது. எட்டு வருஷத்தில் முதல் முறையாக என் உள்ளங்கை வியர்த்தது. கம்பம், சபை, திருத்தாமல் கிடந்த விடைத்தாள் எதுவும் மண்டையில் இல்லை. அவன் கால், என் கயிறு, அவ்வளவுதான். டெனிஸ் சொன்னது சத்தியம், சார். அதற்காகத்தான் ஏறுகிறார்கள். நான் தரையில் நின்றபடியே ஏறிவிட்டேன்.

உச்சியைத் தொட்டதும், "பிடிச்சிருக்கியா?" என்று கத்தினான்.

"பிடிச்சிருக்கேன்."

நம்பி, கயிற்றிலேயே இறங்குவதற்காகப் பின்னால் சாய்ந்தான். எழுபதடி.

அடக்க ஆராதனையில் பாஸ்டர், டெனிஸ் நம் எல்லோரையும் விட உயரத்துக்கு ஏறிவிட்டான் என்றார். அங்கேயும் அவன்தான் மேலே. பிளஸ்ஸி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "ஒரு நிமிஷம் அசந்துட்டீங்கண்ணா. யாருக்கும் நடக்கும். நான் மன்னிச்சிட்டேன்." அதைத்தான் நீங்களும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினீர்கள், முடிச்சைச் சோதிப்பதில் கவனக்குறைவு என்று. வாசிக்காமல் கையெழுத்துப் போட்டேன். நான் வாசிக்காமல் விட்டது அது ஒன்றுதான்.

அந்தச் சொல்லை அடித்துவிடுங்கள். கயிற்றைக் கொஞ்சம் இறுக்கியிருந்தால் முடிச்சு ஆறடியிலேயே அவிழ்ந்திருக்கும், முட்டி சிராய்ப்போடு வீட்டுக்குப் போயிருப்பான். இறுக்கவில்லை. முடிச்சின் மேல் பாரம் விழாதபடி, ஒவ்வொரு அடிக்கும் அளந்து, தளர்வாகவே விட்டுக்கொண்டு வந்தேன், உச்சி வரைக்கும். கொலை என்று எழுதிக்கொள்ளுங்கள், பரவாயில்லை. ஆனால் பிளஸ்ஸியிடம் யாராவது சொல்ல வேண்டும். அன்றைக்குப் பிடித்த கவனத்தோடு அவள் புருஷனுக்கு நான் என்றைக்குமே கயிறு பிடித்ததில்லை.

இப்படிக்கு,
அசரியா