கிழக்குக் கேலரிக்குக் கையெழுத்திடாத அம்மையாருக்கு

ஐயம் என்னும் அணையா விளக்கை ஏந்தி, அரங்கத்தின் அடித்தளம் முதல் கூரை விளிம்பு வரை ஏறி இறங்கிய அம்மையே! புதுப்பூச்சைக் கண்டால் நகத்தால் சுரண்டிப் பார்க்கும் நங்கையே! மக்கள் வரிப்பணத்தின் மாறாக் காவலே! தேநீர் கொடுத்தாலும் “யார் காசு?” என்று கேட்டுவிட்டே கோப்பையைத் தொடும் கோமகளே!

விளையாட்டரங்கப் புதுப்பிப்புத் திட்டத்தின் நிதிக் கண்காணிப்புப் பிரிவினராகிய நாங்கள், தாங்கள் பணி ஓய்வு பெறும் இந்நாளில், நெகிழ்ந்த நெஞ்சோடு இம்மடலைப் படைக்கிறோம். “எப்போதும் புன்னகை பூத்த முகத்தினரே” என்றொரு வரி முதல் வரைவில் இருந்தது. எங்கள் பிரிவின் கணக்கர் அதைப் படித்துவிட்டு, “இதுக்கு ஆதாரம் இருக்கா?” என்றார். தேடினோம், கிடைக்கவில்லை. எடுத்துவிட்டோம். எஞ்சியவை எல்லாம் எங்கள் கண்ணால் கண்டவை.

இவ்விழாவை ஊரின் பெரிய ஓட்டல் ஒன்றில், குளிரூட்டிய கூடத்தில் நடத்தித்தர அரங்கத்தைப் புதுப்பிக்கும் ஒப்பந்தக்காரர் முன்வந்ததும், “அந்த ஆள் காசுல எனக்கு மாலையா? மாலைக்குள்ள என்ன இருக்குமோ” என்று தாங்கள் மறுத்ததும் அவையோர் அறிந்ததே. ஆகவேதான் நம் அலுவலகக் கூட்ட அறையிலேயே, வாளி வைத்துப் பிடித்தாலும் நில்லாது சொட்டும் இந்தக் குளிரூட்டியின் கீழேயே கூடியிருக்கிறோம். பிஸ்கட் எங்கள் சொந்தக் காசு. தாங்கள் அச்சமின்றி உண்ணலாம்.

கண்காணிக்கப்படுபவரின் கையிலேயே கண்காணிப்பவர்களின் சம்பளப் பட்டியல் இருக்கும் விந்தை அலுவலகம் நம்முடையது. மேடையில் வீற்றிருக்கும் திட்ட இயக்குநர் அவர்கள் ஒப்புதல் தந்தால்தான் எங்கள் ஒப்பந்தப் பணி ஆண்டுதோறும் நீளும். இப்படிப்பட்ட இடத்திற்குத் தாங்கள் மேற்பார்வைப் பொறியாளராக வந்த முதல் நாளே, “வேலை முடிந்தது” என்று எழுதப்பட்டிருந்த கோப்பு ஒவ்வொன்றையும் எங்கள் முன் வைத்து, ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். “நீங்க பாத்தீங்களா? இல்ல, பாத்தாங்கன்னு கேட்டீங்களா?” கேட்டுத்தான் எழுதியிருந்தோம். அன்று மாலையே எல்லோரையும் வெயிலில் அழைத்துப்போய்க் கழிப்பறைக் குழாய்களை ஒவ்வொன்றாகத் திறக்க வைத்தீர்கள். பாதிக்கு மேல் காற்றுதான் வந்தது. அன்றிலிருந்து தங்களுக்கு ‘டவுட் மேடம்’ என்று பெயர் வைத்தோம். தங்களுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தோம். அடுத்த வாரமே தாங்கள் தொலைபேசியை எடுத்து “டவுட் மேடம் பேசுறேன்” என்றபோது கூச்சத்தில் குறுகிப்போனோம்.

ஐயத்தின் அரசியே! தாங்கள் ஊரையெல்லாம் ஐயுற்ற காலத்தில், நாங்கள் ஐயுற்றது தங்களைத்தான். ஒருவர் காரணமின்றி இத்தனை நேர்மையாக இருக்க முடியுமா என்பது எங்கள் மதிய உணவு வேளையின் தீராத ஆராய்ச்சியாக இருந்தது. போட்டி ஒப்பந்தக்காரர் ஏதாவது கொடுத்திருப்பார் என்றார் ஒருவர். ஓய்வுக்குப்பின் தேர்தலில் நிற்கப் போகிறார் என்றார் இன்னொருவர். தங்களை ஒருமுறை வீட்டில் இறக்கிவிட்டு வந்த ஓட்டுநர்தான் தீர்ப்புச் சொன்னார். “உள்ள போய்ப் பாத்தேன் சார். சமையலறைக் குழாய் சொட்டுது, அடியில ஒரு கிண்ணம் வெச்சிருக்காங்க. காசு வாங்குற வீட்டுல குழாய் சொட்டுமா?” அந்தச் சான்றும் எங்களுக்குப் போதவில்லை. கிண்ணம் நடிப்பாக இருக்கலாம் என்று ஐயுற்றோம். தங்களிடம் கற்ற தொழில் அல்லவா!

இனி, எல்லோர் மனத்திலும் இருப்பதும், எவரும் வாய்விட்டுச் சொல்லாததுமான கிழக்குக் கேலரிக்கு வருகிறோம்.

அதன் மேலடுக்கைத் தாங்க வரைபடத்தில் இருந்த தூண்கள் கட்டடத்தில் இல்லை. கேட்டதற்கு, “பின்னாடி உக்கார்றவங்களுக்கு மறைக்குது மேடம், மக்கள் நலனுக்காக எடுத்துட்டோம்” என்றார் ஒப்பந்தக்காரர். தூண் இல்லாமலே அது பாறைபோல் நிற்கிறது என்று வந்தவரெல்லாம் பாராட்டினார்கள். வந்தவரெல்லாம் ஆளில்லாத கேலரியைத்தான் பார்த்தார்கள். ஆட்டத்தைப் பார்க்க வருகிற கூட்டம் கைகட்டி உட்கார்ந்திருக்காதே என்ற எளிய எண்ணம் தங்களுக்கு மட்டும்தான் வந்தது. தங்கள் சான்றிதழ் இல்லாமல் அரசின் கடைசித் தவணை வராது. தவணை வராவிட்டால் பள்ளி மாணவர்களின் தடகளப் போட்டியோடு நடக்கவிருக்கும் திறப்பு விழா நடக்காது. தாங்கள் கையெழுத்திட மறுத்தீர்கள். கூட்டத்தை ஏற்றிச் சோதிக்கலாம் என்றால், சான்றிதழ் இல்லாத கேலரியில் கூட்டத்தை ஏற்றக்கூடாது என்று விதி. ஆகவே, அலுவலகத்தையே கூட்டமாக்கினீர்கள்.

அந்தக் காலைப்பொழுதை நாங்கள் எப்படி மறப்போம்! இஸ்திரி போட்ட சட்டையும் பளபளக்கும் காலணியுமாக மேலடுக்கில் வரிசையாக நின்றோம். “நாம இத்தனை பேர்ல இது விழாது, கணக்குப் போட்டுட்டுத்தான் கூட்டிட்டு வந்தேன். ஆடுதான்னுதான் தெரியணும்” என்று சொல்லி, தாங்கள் மட்டும் விளிம்பில் போய் நின்றீர்கள். கீழே நின்ற ஒப்பந்தக்காரர், “என்ன மேடம், ஆபீஸ் டூரா?” என்று சிரித்தார்.

“ஆமா. நீங்களும் வாங்க, இடம் இருக்கு.”

“இல்ல மேடம், முட்டி வலி.”

அன்று காலைதான் அவர் உள்ளரங்கில் பூப்பந்து ஆடி முடித்திருந்தார். அவர் முட்டியைத் தாங்கள் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எந்த ஆய்வறிக்கையிலும் எழுத முடியாது.

“கோல்!” என்று கத்தினீர்கள். குதித்தோம். ஆளுக்கொரு நேரத்தில், அலுவலகத்துக்கு வருவதுபோலவே குதித்தோம். “இப்பிடிக் குதிச்சா எறும்புகூட அசையாது. சம்பளம் ஏறிடுச்சுன்னு நினைச்சுக்கிட்டு ஒண்ணா குதிங்க” என்றீர்கள். ஒன்றாகக் குதித்தோம். மறுபடியும். மறுபடியும். பின்பு நாங்கள் நின்றோம். நாங்கள் நின்றபின்னும் தளம் நிற்கவில்லை. படகில் நிற்பதுபோல் அது மெல்ல ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. ஓட்டுநர்தான் கேட்டார்: “மேடம், இறங்கிடலாமா?”

“ஒவ்வொருத்தரா இறங்குங்க. ஓடாதீங்க” என்று சொல்லிவிட்டு, தாங்கள் கடைசியாக இறங்கினீர்கள்.

கண்டதைக் கண்டபடி கூட்டு ஆய்வறிக்கையாக எழுதினீர்கள். தாங்கள் ஒருவர் மட்டும் கையெழுத்திட்டால், தங்களுக்கு அடுத்து வருபவர் ஒரே வரியில் அதை ஒதுக்கிவிட்டுச் சான்றிதழ் தந்துவிடலாம். உடனிருந்த அனைவரும் கையெழுத்திட்டால், வெளியிலிருந்து வல்லுநர் குழு வந்து பார்க்காமல் கேலரியைத் திறக்க முடியாது. அறிக்கையை நடு மேசையில் வைத்தீர்கள். “யாரையும் கட்டாயப்படுத்தல. எனக்கு பென்ஷன் வரும், உங்களுக்குச் சம்பளம் நிக்கும். வீட்டுல பேசிட்டு முடிவு பண்ணுங்க” என்றீர்கள். மறுநாளே இயக்குநர் அவர்கள் எங்களை அழைத்து, “அம்மா போறாங்க. நீங்க இருக்கப்போறீங்க. பாத்து நடந்துக்கோங்க” என்று அன்போடு அறிவுறுத்தினார்கள். திறப்பு விழாவும் தங்கள் ஓய்வுக்கு அடுத்த வாரத்திற்கே குறிக்கப்பட்டது.

அம்மையே! அதன்பின் அந்த மேசைப் பக்கம் யாரும் போகவில்லை. தண்ணீர் குடிக்கக்கூடச் சுற்றுவழியில் போனோம். தாங்கள் பத்திரமாக வீட்டுக்குப் போய்விட்டு எங்களை மாட்டிவிடப் பார்க்கிறீர்கள் என்று ஐயுற்றோம். எங்களுக்குள்ளேயே, யார் இயக்குநரிடம் போய்ச் சொல்வார் என்று ஒருவரை ஒருவர் ஐயுற்றோம். தாங்கள் ஒருநாள் கையெழுத்து விழாத அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, “சரி, விடுங்க” என்று மட்டும் சொல்லி மேசை இழுப்பறையைக் காலிசெய்யத் தொடங்கினீர்கள். கோபித்திருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நேற்று தாங்கள் ஓய்வூதிய அலுவலகத்திற்குச் சென்றிருந்த வேளையில், திறப்பு விழாவின் இருக்கைத் திட்டம் கணக்கரின் மேசைக்கு வந்தது. தங்களைப்பற்றி அதிகம் முணுமுணுத்தவர் அவர்தான். தாளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “என் பொண்ணு ஸ்கூலுக்குக் கிழக்கு கேலரி. மேலடுக்கு” என்றார். “அவ சும்மா உக்கார மாட்டா சார். அவ கிளாஸே குதிக்கும்.” எழுந்து போய்க் கையெழுத்திட்டார்.

அவருக்குப் பின்னால் ஓட்டுநர் போய் நின்றார். “நானும்தானே குதிச்சேன்? எனக்கும் ஒரு கோடு போட்டுக் குடுங்க.” பின்பு நாங்கள் எல்லோரும். பேனாவில் மை தீர்ந்து இன்னொன்று தேட வேண்டியதாயிற்று.

ஆம் அம்மையே, தங்களுக்கு இதுவரை சொல்லாததை இம்மடல் வழியே சொல்கிறோம். அறிக்கையில் அனைவரும் கையெழுத்திட்டுவிட்டோம். இன்று காலை கணக்கர் அதை நேரில் கொண்டுபோய் வல்லுநர் குழுவின் அலுவலகத்தில் ஒப்படைத்து, முத்திரை விழுந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தார். தாங்கள் நம்ப மாட்டீர்கள் என்பதால் ஒப்புகைச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். இறங்கி வந்து சரிபார்த்துக்கொள்ளலாம்.

தங்கள் கண்கள் கூர்மை குன்றாதிருக்கட்டும்! தங்கள் கால்கள் எந்தப் படியிலும் ஏற வல்லனவாகட்டும்! தங்கள் சமையலறைக் குழாயை யாரேனும் சரிசெய்யட்டும்! நோயின்றி, குறையின்றி, நூறாண்டு கண்டு, அதற்குப் பின்னும் யாரையாவது கேள்வி கேட்டுக்கொண்டே வாழ்வீர்களாக!

இறுதியாக ஒரு விண்ணப்பம். இயக்குநர் அவர்கள் இச்செய்தியை எங்களைப்போல் மகிழ்ச்சியோடு ஏற்பார்களா என்பதில் எங்களுக்குச் சிறிது ஐயம் உண்டு. தங்கள் ஏற்புரை முடியும்வரை மேடையை விட்டு யாரும் எழுவது மரபன்று. எனவே அம்மையே, ஒருபோதும் நீட்டிப் பேசாத தாங்கள், இன்று ஒருநாள் மட்டும், எங்களுக்காக, மிக மிக நீளமாகப் பேசியருள வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
நாளையும் வேலைக்கு வர விரும்பும்
நிதிக் கண்காணிப்புப் பிரிவின் பணியாளர்கள் அனைவரும்