போனில் வந்த வேறு குரல்

வீட்டுலேர்ந்து வேலை பாக்கற ஆளை எப்படி நம்பறது, கேமரா போட்டு, மௌஸைக் கண்காணிக்கலாமான்னு முன்வரிசையில ஒருத்தர் கேட்டார். நேரா பதில் சொல்றதை விட, ஒரு சின்னக் கதையாச் சொல்லிடறேன். டீ வர்றதுக்குள்ள முடிச்சிடுவேன், கேளுங்க.

கோயம்புத்தூர்ல பூங்கோதைன்னு ஒரு அம்மா. சாஃப்ட்வேர் கம்பெனி நடத்துறாங்க. சின்னக் கம்பெனிதான். டயாலிசிஸ் சென்டருக்குன்னு ஒரு சாஃப்ட்வேர்... எந்த நோயாளி, எந்த நேரம், எந்த மெஷின், அதை முறைப்படுத்திக் குடுக்கும். அவ்வளவுதான். ஆனா அது தப்பாப் போச்சுன்னா? கிட்னி போன மனுஷன் காத்துக் கெடக்கணும்.

இவங்க ஒருத்தரை வேலைக்கு எடுத்தாங்க. பேரு ஸ்டனிஸ்லாஸ். தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊரு. அங்க இருந்தே வேலை. இன்டர்வியூ போன்லதான். கேட்ட கேள்விக்கெல்லாம் டக்கு டக்குன்னு பதில். கணீர்னு குரல். பூங்கோதைக்குப் பிடிச்சுப்போச்சு.

வேலை? சுத்தம். ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனா மீட்டிங்குக்கு வருவார்... பேச மாட்டார். "மேடம், நெட் சரியில்ல, எழுதி அனுப்புறேன்"னு எழுதுவார். அடுத்த மீட்டிங்? மைக் வேலை செய்யல. அதுக்கு அடுத்தது? பக்கத்து சர்ச்ல ஸ்பீக்கர் போட்டிருக்காங்க.

நீங்களா இருந்தா என்ன நினைப்பீங்க? சும்மா சொல்லுங்க... "இவன் நம்மகிட்ட ஒரு வேலை, வேற எங்கயோ ஒரு வேலை பாக்கறான்." அதானே? அந்த அம்மாவும் அதைத்தான் நினைச்சாங்க. நினைச்சாங்க... ஆனா கேக்கல.

ஒருநாள் காலையில ஒரு சென்டர்லேர்ந்து நர்ஸ் போன் பண்றாங்க. "மேடம், ஒரே மெஷினுக்கு ரெண்டு பேரு வந்து உக்காந்திருக்காங்க. ரெண்டு பேருக்கும் உங்க சாஃப்ட்வேர்தான் மெசேஜ் அனுப்பியிருக்கு. நான் யாரைத் திருப்பி அனுப்பட்டும்?"

ஸ்டனிஸ் உடனே வேலையில எறங்கிட்டார். "தப்பு எங்கன்னு தெரிஞ்சுடுச்சு, சரிபண்ணிட்டிருக்கேன்"னு எழுதினார். பூங்கோதைக்குப் பதட்டம். "எழுத வேண்டாம் தம்பி, லைன்ல வாங்க. சிஸ்டர்கிட்ட நீங்களே சொல்லுங்க." அவர் லைன்ல வரல. இவங்களே போனைப் போட்டாங்க. எடுத்தார்.

வந்தது... வேற குரல்.

ஒவ்வொரு வார்த்தையும் தொண்டையிலேயே முட்டி நிக்குது. அவர் பேசினதை நான் இங்க நடிச்சுக் காட்டப் போறதில்ல. தன் பேரையே அவரால முழுசாச் சொல்ல முடியல.

"யாருங்க நீங்க? இது அந்தக் குரலே இல்லையே! ஸ்டனிஸ் எங்க?"

அந்தப் பக்கம்... மறுபடியும் அதே திணறல்தான்.

பூங்கோதை போனை வெச்சாங்க. அவர் உள்ள வர முடியாதபடி எல்லாத்தையும் பூட்டிட்டாங்க. தப்பா? தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். நோயாளிங்க விவரம் இருக்கற இடம், யாருன்னே தெரியாத ஆளை விட முடியுமா? ஆனா பாதியில நின்ன வேலையை மத்தவங்க புரிஞ்சு முடிக்கறதுக்கு சாயங்காலம் ஆயிடுச்சு. அங்க சென்டர்ல, அந்த ரெண்டு பேர்ல ஒருத்தர், ரிட்டயர்டு பஸ் கண்டக்டர்... கால் வீங்கி, மூச்சு வாங்கிக்கிட்டு, டயாலிசிஸ் இல்லாம வீட்டுக்குத் திரும்பிப் போனார். மறுநாள் பண்ணாங்க. நல்லவேளை, ஒண்ணும் ஆகல.

அந்த மறுநாள்தான் ஸ்டனிஸ் ஆபீஸ் வாசல்ல வந்து நிக்கறார். யாரும் கூப்பிடல. தனியா வந்திருக்கார்.

"உக்காருங்க. சொல்லுங்க."

சொன்னார். ரொம்ப நேரம் ஆச்சு. அவர் திணறும்போதெல்லாம் வார்த்தையை எடுத்துக் குடுத்துடலாமான்னு அந்த அம்மாவுக்கு வாய் வரைக்கும் வந்துச்சு. அடக்கிக்கிட்டாங்க. காத்திருந்தாங்க.

விஷயம் இதுதான். சின்ன வயசுலேர்ந்து திக்குவாய். இன்டர்வியூல பேசினது அவரோட சித்தப்பா மகன். வேலை செஞ்சது எல்லாமே இவர்.

"ஏன் தம்பி, என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"வேற கம்பெனியில சொல்லிப் பாத்தேன் மேடம். பேரைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள போனை வெச்சிட்டாங்க. நீங்க... வெச்சிருக்க மாட்டீங்களா?"

பூங்கோதை ஜன்னல் பக்கம் பாத்தாங்க. அப்புறம் சொன்னாங்க: "வெச்சிருப்பேன்."

"ஆனா நீங்க பொய் சொன்னது பொய்தான் தம்பி. ஒரு பெரியவர் மூச்சு வாங்க வீட்டுக்குப் போயிருக்கார். அதுல உங்களுக்கும் பங்கு இருக்கு, எனக்கும் இருக்கு."

"ஆமா மேடம்."

கண்ணீர் விட்டு, கையைப் பிடிச்சு, அதெல்லாம் ஒண்ணும் நடக்கல. ஒரு கம்ப்யூட்டரைக் குடுத்து, "மத்தவங்க ஒட்டுப் போட்டு வெச்சிருக்காங்க. என் எதிர்லயே இதை ஒழுங்காச் சரிபண்ணுங்க"ன்னாங்க. மத்தியானத்துக்குள்ள பண்ணிட்டார். அப்புறம் நர்ஸுக்குப் போனைப் போட்டு அவர் கையிலயே குடுத்தாங்க. அவரே மன்னிப்புக் கேட்டார். நர்ஸ் என்ன சொன்னாங்க தெரியுமா? "மெதுவாச் சொல்லுங்க தம்பி, நான் லைன்லதான் இருக்கேன்." கண்டக்டர் வீட்டுக்கு பூங்கோதை தானே போய் மன்னிப்புக் கேட்டுட்டு வந்தாங்க.

ஸ்டனிஸ் இன்னிக்கும் அங்கதான் வேலை பாக்கறார். இப்ப அந்தக் கம்பெனியில போன்ல பேச வெச்சு ஆள் எடுக்கறதில்ல. ஒரு வேலையைக் குடுத்து, செஞ்சதைப் பாத்து எடுக்கறாங்க.

இப்ப உங்ககிட்ட வர்றேன். கேமரா போடலாமா, மௌஸ் அசையுதான்னு பாக்கற சாஃப்ட்வேர் வாங்கலாமான்னு கேட்டீங்க. வாங்குங்க, நான் வேணாங்கல. ஆனா அது என்ன சொல்லும்? கை அசையுதுன்னு சொல்லும். அந்த ஆளு எதுக்குப் பயந்து எதை ஒளிச்சு வெச்சிருக்கான்னு சொல்லுமா? சொல்லாது. அது அவன் வாயால வரணும்.

நம்பறதுன்னா கண்ணை மூடிக்கறது இல்லைங்க. செஞ்ச வேலையைப் பாருங்க, நல்லாப் பாருங்க. சந்தேகம் வந்துச்சா? வந்த அன்னிக்கே, மரியாதையா, நேராக் கேளுங்க. மனசுக்குள்ள வளர்க்காதீங்க. நாம எல்லாரும், "தூரத்துல இருக்கறவனை நான் எப்படி நம்பறது?"ன்னு கேக்கறோம். அவனும் அங்க உக்காந்து நம்மளைப் பத்தி அதையேதான் கேட்டுக்கிட்டிருக்கான்... அவனுக்கு நாம என்ன பதில் வெச்சிருக்கோம்?