குளம்பு பட்ட மணல்

எனக்கு ஆடுகளை அவ்வளவாகப் பிடிக்காது. அந்த வாடை சட்டையில் ஏறினால் இரண்டு சலவைக்கும் போகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் மேடம். ஏனென்றால், ஆட்டுக்காக ஒரு மனுஷன் இவ்வளவு செய்வானா என்று உங்கள் ஏட்டய்யா வாசலில் சிரித்தார். எனக்கு வேண்டியது ஆட்டின் வாயும் குளம்பும்தான்.

எங்கள் நகரியத்துக்குப் பின்னால், கால்வாய்க்கு இந்தப் பக்கம் இருக்கிற மேய்க்கால் புறம்போக்கை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த மணலில் அழுகண்ணி இருக்கிறது. தரையோடு தரையாக, சிவப்பாக, சட்டைப் பொத்தான் அளவுச் செடி. இலை முழுக்கப் பிசுபிசுவென்று துளி நிற்கும். கொசுவோ எறும்போ ஒட்டினால் செடி அதைத் தின்றுவிடும். இந்தக் கடற்கரைப் பக்கம் முன்பு பல இடங்களில் பார்த்திருக்கிறேன். இப்போது அங்கெல்லாம் அடுக்குமாடி. வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மனைவி அமிர்தவல்லியும் போய்ச் சேர்ந்த பிறகு, நான் காலையில் எழுந்திருப்பதே அதைப் பார்க்கத்தான்.

முதலில் நானும் தப்புத்தான் செய்தேன். நாலு பேரைப் பிடித்து முள்வேலி போட வைத்து, ஆடுகளை விரட்டினேன். அடுத்த மழைக்குப் புல் முழங்கால் வரை நின்றது. சீமைக்கருவேலம் முளைத்தது. அழுகண்ணியைத் தேடித் தேடிக் கண் பூத்துப்போனது. வெயில் படாத மண்ணில் அது வராது. புல்லை ஆடு கடிக்க வேண்டும், மேல்மண்ணைக் குளம்பு கிளற வேண்டும். ஆள் வைத்துக் கொத்திப் பார்த்தேன். ஆழமாகக் கொத்தி விதையைப் புதைத்துவிட்டார்கள். கடைசியில் வேலியை நானே பிரித்தேன்.

ஊரில் மிச்சமிருந்தது ஒரே மந்தை, செங்கம்மாளுடையது. மற்றவர்கள் ஆட்டை விற்றுவிட்டு மறைமலைநகர் கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்கள். மேய்த்தவன் அவள் மகன் பூபாலன், ஐடிஐ படித்தவன்.

“இன்னா சார், தொரத்துனதும் நீங்கதான், இப்ப வெத்தல பாக்கு வெச்சி கூப்புட்றதும் நீங்கதானா?” என்று சிரித்தான்.

மழைக்கு முன்னால் நன்றாக மேய விடுவான். பூ வரும்போது வேறு பக்கம் ஓட்டிப் போய்விடுவான். இரண்டே வருஷத்தில் மணல் சிவந்துவிட்டது. அவனை என் பிள்ளை மாதிரிதான் நினைத்தேன். அதில் உங்களுக்குச் சந்தேகம் வேண்டாம்.

போன சித்திரையில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் அவனுக்கு வேலை கூடி வந்தது. வேலை உறுதியானால், அவனுக்குப் பேசியிருந்த ஷாரோனைக் கட்டிக்கொடுப்பதாகப் பெண் வீட்டில் சொல்லியிருந்தார்கள். செங்கம்மாள் ஆடுகளை மொத்தமாக விற்றுவிடப் போவதாகச் சொன்னாள். ஒரு மழைக்காலம் மந்தை இல்லாவிட்டால் அந்த மணல் என்ன ஆகும் என்று நான் கண்ணால் கண்டவன்.

தெரிந்த பெரிய மனிதர் என்று அவன் கம்பெனியில் கொடுத்திருந்தது என் பெயரைத்தான். போனில் விசாரித்தார்கள். தங்கமான பையன், கை சுத்தம், குடி கிடையாது என்றேன். அத்தனையும் உண்மை. பிறகு, எப்போதாவது வலிப்பு வரும், பாவம், நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றேன். அது ஒன்றுதான் பொய். அப்படிப்பட்டவனைப் பிரஸ் மெஷினில் யார் நிற்க வைப்பார்கள்? ஆள் எடுக்கிற கான்ட்ராக்டர் எல்லா இடத்துக்கும் ஒருவரே என்பதால், மற்ற கம்பெனிகளுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

போன இடமெல்லாம் கதவைச் சாத்திய பிறகு, காரணம் அவன் காதுக்கும் வந்தது. நேரே என் வீட்டுக்கு வந்தான்.

“சார், எனக்கு காக்கா வலிப்பு கீதாம். தூக்கத்துல வந்தா நமக்கே தெரியாதா சார்?”

அந்த முகத்தைப் பார்த்ததும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. ஆனால் அது ஆவணி, மந்தை இறங்க வேண்டிய நேரம். “தெரியாதுதான்” என்றேன்.

செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கப் போகிறேன் என்றான். எடுத்திருந்தால் எல்லாம் வெளியே வந்திருக்கும். அலையாதேப்பா, இது எனக்குத் தெரியாத வியாதியா என்று, அமிர்தவல்லிக்கு வலிப்புக்குக் கொடுத்த மாத்திரையில் மீதியை எடுத்துக் கொடுத்தேன். தீர்ந்தபோது பழைய சீட்டைக் காட்டி வாங்கியும் கொடுத்தேன். அவன் சட்டைப்பையில் நீங்கள் எடுத்தது அதுதான்.

ஷாரோன் வீட்டில் பேச்சை முறித்துக்கொண்டார்கள். செங்கம்மாள் அவனை வண்டி ஓட்ட விடவில்லை, அடுப்பண்டை விடவில்லை. மாத்திரை போட்டதும் நின்றபடியே சொக்குவான். “தல கிர்ருங்குது சார், நிறுத்திடட்டா?” என்று ஒருமுறை கேட்டான். நிறுத்தினால் வலிப்பு வரும் என்றேன்.

கார்த்திகையில் பூ வரத் தொடங்கியது. மந்தையைக் கால்வாய்க் கரைக்கு மாற்றச் சொன்னவனும் நான்தான். தண்ணீர் ஏறியிருந்தது. வழுக்கி இறங்கிய குட்டியைப் பிடிக்க அவன் இறங்கினான். நன்றாக நீச்சல் தெரிந்தவன், மேலே ஏறி வரவில்லை. வலிப்பு வந்து விழுந்துவிட்டான் என்று ஊரே சொல்கிறது. பெற்றவளும் அப்படித்தான் சொல்லி அழுகிறாள். அவனுக்கு வலிப்பே கிடையாது மேடம். அந்தத் தூக்கத்தைக் கொடுத்தவன் நான். எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த மார்கழி மாதிரி அழுகண்ணி எந்த வருஷமும் பூத்ததில்லை. நீங்கள் ஒருநாள் வந்து பார்க்க வேண்டும். வருகிற வருஷத்தை நினைத்தால்தான் கவலையாக இருக்கிறது. ஆடுகளை விற்க வேண்டாம் என்று செங்கம்மாளிடம் சொல்லுங்கள். பூபாலனுடைய தங்கை ஜாக்குலின் இருக்கிறாள், மேய்க்கட்டும். நர்சிங் படிக்க இடம் கிடைத்திருக்கிறது என்று கேள்விப்பட்டேன். அந்தப் பெண்ணுக்கு ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வரும், பாவம்.